லூபஸ் இருந்தால் ஓடலாமா?



"உடம்பு சரியில்லையா? பேசாம படுத்து ரெஸ்ட் எடு." எந்த நோய்க்கும் நம்ம ஊரில் முதலில் கிடைக்கிற இலவச மருந்துச் சீட்டு இதுதான். பாட்டி சொல்லுவாங்க, பக்கத்து வீட்டு அத்தை சொல்லுவாங்க, ஹாஸ்டல் வார்டனும் சொல்லுவாங்க. வைரஸ் காய்ச்சலுக்கு இது சரியான அறிவுரைதான். நாலு நாள் படுத்தால் எழுந்துவிடலாம். ஆனால் இருபது வயதில் வந்து ஆயுள் முழுக்கக் கூடவே இருக்கப்போகிற ஒரு நோய்க்கு? நாற்பது வருஷம் ரெஸ்ட் எடுக்க முடியுமா? அப்படியே எடுத்தாலும் அந்த உடம்பு என்ன ஆகும்?

லூபஸ் அப்படிப்பட்ட ஒரு நோய். அது இருப்பவர்கள் உடற்பயிற்சி செய்யலாமா, அதுவும் மூச்சு வாங்க வாங்க, வியர்வை சொட்டச் சொட்ட செய்கிற கடினப் பயிற்சி செய்யலாமா என்பதுதான் இந்தக் கட்டுரை. "எனக்கென்ன, எனக்கு லூபஸ் இல்லையே" என்று ஸ்க்ரோல் பண்ணிவிடாதீங்க. இந்த நோய் பெரும்பாலும் 15 முதல் 45 வயதுக்குள் தலைகாட்டுகிறது. நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். அதாவது நம்ம வயசு, நம்ம கிளாஸ். பி.டி. பீரியடில் எப்பவும் ஓரமா உட்கார்ந்திருக்கிற தோழிக்கு இது இருக்கலாம். உங்களுக்குத் தெரியாமலே இருக்கலாம்.

முதலில், லூபஸ் என்றால் என்ன?

நம்ம லேப்டாப்பில் இருக்கிற ஆன்டிவைரஸ், வெளியிலிருந்து வருகிற வைரஸைப் பிடிக்கத்தான் இருக்கு. அது திடீர்னு குழம்பிப்போய் விண்டோஸின் சொந்த ஃபைல்களையே "வைரஸ், வைரஸ்" என்று அழிக்க ஆரம்பித்தால் எப்படி இருக்கும்? லூபஸில் நடப்பது கிட்டத்தட்ட அதுதான். நோய் எதிர்ப்பு மண்டலம் நம்முடைய செல்களின் உட்கருவில் இருக்கும் டி.என்.ஏ. போன்ற பொருட்களையே எதிரி என்று நினைத்து, அவற்றுக்கு எதிராக ஆன்டிபாடிகளை உருவாக்குகிறது. இந்த ஆன்டிபாடிகளும் அவை பிடித்த பொருட்களும் சேர்ந்து கொத்துக்கொத்தாக ரத்தத்தில் சுற்றும். போய்ச் சிக்கிக்கொள்கிற இடத்தில் எல்லாம் அழற்சி: தோல், மூட்டு, சிறுநீரகம், இதயத்தைச் சுற்றிய உறை, நுரையீரல் உறை, சில நேரம் மூளை.

கன்னங்களிலும் மூக்கின் மேலும் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தது போன்ற சிவப்பு, மூட்டு வலி, முடி கொட்டுவது, வெயில் பட்டால் தோல் கோபித்துக்கொள்வது, காரணம் தெரியாத காய்ச்சல் எல்லாம் இதன் அடையாளங்கள். தொற்று நோய் இல்லை. தொட்டால், ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது. நிரந்தரமாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், ஸ்டீராய்டு, எதிர்ப்பு சக்தியை மட்டுப்படுத்தும் மருந்துகள் இவற்றால் நன்றாகவே அடக்கி வைக்கலாம். நோய் சில மாதம் அடங்கிக் கிடக்கும், சில நேரம் பொங்கி எழும். இந்தப் பொங்குதலை டாக்டர்கள் ஃப்ளேர் என்பார்கள். இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தூங்கினாலும் தீராத களைப்பு

லூபஸ் நோயாளிகளிடம் "எது ரொம்பக் கஷ்டம்?" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் சொல்கிற பதில் வலி இல்லை, களைப்பு. செமஸ்டருக்கு முந்தின ராத்திரி கண் விழித்துப் படித்த களைப்பு மாதிரி இல்லை இது. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் பேட்டரி 20 சதவீதத்தைத் தாண்டாத களைப்பு.

இதற்குக் காரணம் அழற்சி மட்டும்தான் என்று நினைத்தால் அது பாதிக் கதை. ரத்தசோகை, தூக்கக் கோளாறு, மனச்சோர்வு, மருந்துகள் என்று பல சேர்ந்துதான் இந்தக் களைப்பு. அவற்றோடு நாம் அதிகம் பேசாத இன்னொன்றும் உண்டு: உடம்பைப் பயன்படுத்தாமல் விட்டதால் வருகிற பலவீனம்.

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் பாசிட்டிவ் ஃபீட்பேக் லூப் படித்திருப்பீங்க. இங்கே அதுவேதான் ஓடுகிறது. களைப்பாக இருக்கிறது, அதனால் அசைவதில்லை. அசையாததால் தசை மெலிகிறது, இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தத்தின் அளவு குறைகிறது. போன மாதம் சாதாரணமாக ஏறிய இரண்டு மாடி இந்த மாதம் மலை ஏறுவது போலத் தெரிகிறது. அதனால் இன்னும் களைப்பு, இன்னும் ரெஸ்ட். இதற்கு மேல் ஸ்டீராய்டு வேறு. நீண்ட நாள் எடுத்தால் அது தொடை, தோள் தசைகளை மெலிய வைக்கும், எலும்பின் அடர்த்தியையும் குறைக்கும். லூபஸ் உள்ள பெண்களின் உடல், உச்சபட்ச உழைப்பின்போது பயன்படுத்தும் ஆக்ஸிஜன் அளவு, அதாவது வி.ஓ.2 மேக்ஸ், அதே வயது ஆரோக்கியமான பெண்களைவிடக் குறைவு என்று பல ஆய்வுகள் அளந்து காட்டியிருக்கின்றன.

மருந்து அழற்சியை அடக்கும். ஆனால் இந்த லூப்பை உடைக்காது. அதை உடைக்க அசைவுதான் வேணும்.

இதயத்தின் கணக்கு

1976-ல் கனடாவின் டொரொன்டோவில் மருத்துவர் முர்ரே உரோவிட்ஸும் அவருடைய குழுவும் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். லூபஸ் நோயாளிகளின் மரணங்கள் இரண்டு கட்டமாக வந்தன. ஆரம்ப வருடங்களில் இறந்தவர்களைக் கொன்றது நோயின் சீற்றமும் கிருமித் தொற்றும். பல வருடம் கழித்து, நோய் அடங்கியிருந்த நிலையில் இறந்தவர்களைக் கொன்றது மாரடைப்பு.

1997-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கிலிருந்து வந்த ஆய்வு இன்னும் அதிர்ச்சி. 35 முதல் 44 வயது வரையுள்ள லூபஸ் பெண்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு, அதே வயதுள்ள மற்ற பெண்களைவிட 50 மடங்குக்கும் மேல் என்றது அது. பதறாதீங்க. அந்த வயதுப் பெண்களுக்கு மாரடைப்பு மிக அபூர்வம், அதனால்தான் மடங்கு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. ஐம்பது மடங்கு என்றால் எல்லோருக்கும் வரும் என்று அர்த்தமில்லை. ஆனாலும் செய்தி தெளிவு. ரத்தக் குழாய்களில் வருஷக்கணக்காக ஓடும் அழற்சி, ஸ்டீராய்டால் ஏறும் எடையும் சர்க்கரையும் கொழுப்பும், இவற்றோடு உட்கார்ந்தே இருக்கும் வாழ்க்கையும் சேர்ந்தால் இதயம்தான் விலை கொடுக்கிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். இதயத்துக்கும் ரத்தக் குழாய்க்கும் மிக நல்லது என்று எல்லோரும் ஒத்துக்கொள்கிற ஒரு விஷயத்தை, அது மிக அதிகமாகத் தேவைப்படுகிறவர்களிடமிருந்தே "பாவம், உடம்பு சரியில்லாத பொண்ணு" என்று சொல்லிப் பிடுங்கி வைத்திருக்கிறோம்.

கடினமாகச் செய்தால் நோய் பொங்காதா?

நியாயமான பயம்தான். கடினமாக உழைக்கும் தசை, இன்டர்லூகின்-6 என்ற வேதித் தூதனை ரத்தத்தில் வெளிவிடும். லூபஸ் அழற்சியிலும் இதே இன்டர்லூகின்-6 கூடுகிறது. அப்படின்னா எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிற மாதிரிதானே?

இல்லை. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் பென்டே கிளார்லுண்ட் பெடர்சனின் குழு இதை விளக்கியது. தசையிலிருந்து வரும் இன்டர்லூகின்-6 பயிற்சியின்போது சட்டென்று ஏறி, முடிந்ததும் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். இறங்கும் முன் அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூகின்-10 போன்ற பொருட்களைக் கிளப்பிவிட்டுப் போகும். இதே பொருள் இரவும் பகலும் கசிந்துகொண்டே இருந்தால்தான் தொல்லை. குழாயில் எப்போதும் ஒழுகும் தண்ணீர் சுவரை அரிக்கும், பத்து நிமிஷம் திறந்து மூடினால் குளித்துவிட்டுப் போகலாம்.

இதை லூபஸ் உள்ளவர்களிடமே சோதித்தது பிரேசிலின் சாவோ பாலோ பல்கலைக்கழகக் குழு. நோய் அடங்கியிருந்த பெண்களையும், நோய் செயலில் இருந்த பெண்களையும் மிதமாக ஒரு முறை, கடினமாக ஒரு முறை பயிற்சி செய்ய வைத்து, அழற்சிப் பொருட்களை அளந்தார்கள். 2015-ல் வெளிவந்த அந்த முடிவின்படி, மாற்றங்கள் சிறியவை, தற்காலிகமானவை. அழற்சி வெடிக்கவில்லை. அதே பல்கலைக்கழகத்தில் நடந்த 12 வாரப் பயிற்சி ஆய்வு ஒன்றில், இதயத் துடிப்பு உழைப்புக்கு ஏற்றபடி ஏறாமலும், பின் சீக்கிரம் இறங்காமலும் இருந்த குறை பயிற்சியால் சரியாகத் தொடங்கியது.

மற்ற ஊர்களிலும் சான்று உண்டு. 2003-ல் லண்டனில், 12 வாரம் ஏரோபிக் பயிற்சி செய்த லூபஸ் பெண்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் "நல்ல முன்னேற்றம்" என்றார்கள். எதுவும் செய்யாத குழுவில் அப்படிச் சொன்னவர்கள் ஆறில் ஒருவர்தான். ஸ்வீடனில் 35 பெண்களைச் சேர்த்து நடந்த ஒரு வருட ஆய்வில், அதிகபட்ச இதயத் துடிப்பில் 65 முதல் 80 சதவீதம் வரை போகும் பயிற்சி கொடுத்தார்கள். ஆக்ஸிஜன் திறன் கூடியது, நோய் கூடவில்லை. 2023-ல் யூலார் என்ற ஐரோப்பிய வாதநோய் மருத்துவக் கூட்டமைப்பு, லூபஸுக்கு மருந்தில்லாச் சிகிச்சைகளைப் பற்றித் தந்த பரிந்துரைகளிலும் உடற்பயிற்சி இருக்கிறது.

ஒரு முக்கியமான எச்சரிக்கையும் உண்டு. இவை எல்லாம் சின்ன ஆய்வுகள். பெரும்பாலும் நோய் அடங்கியிருந்த அல்லது லேசாக இருந்த பெண்கள்தான் கலந்துகொண்டார்கள். சிறுநீரகம் கடுமையாகப் பாதிக்கப்பட்டு ஆஸ்பத்திரியில் இருப்பவருக்கு இந்த முடிவுகளை அப்படியே காப்பி-பேஸ்ட் பண்ணக் கூடாது.

"கடினம்" என்றால் எவ்வளவு?

கடினம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். உங்களுக்கு வார்ம்-அப் ஆக இருப்பது இன்னொருவருக்கு உச்சம். அதனால்தான் வேகத்தை விட்டுவிட்டு இதயத் துடிப்பை வைத்து அளக்கிறார்கள்.

நார்வேயின் ட்ரொன்ட்ஹைமில் பிரபலமான முறை ஒன்று: 4-க்கு 4. பத்து நிமிஷம் வார்ம்-அப். பிறகு அதிகபட்சத் துடிப்பில் 85 முதல் 95 சதவீதம் வரை கொண்டுபோகும் வேகத்தில் 4 நிமிஷம். அடுத்து 3 நிமிஷம் மெதுவாக. இப்படி நான்கு சுற்று, கடைசியில் ஐந்து நிமிஷம் ஆற விடுவது. மொத்தம் 40 நிமிஷம். 2021-ல் வெளிவந்த ஆய்வில், முடக்குவாதம், முதுகெலும்பு அழற்சி, லூபஸ் போன்ற நோய்கள் உள்ள 40 பேரை வாரம் இரண்டு முறை, 10 வாரம் இதைச் செய்ய வைத்தார்கள். பாதிப் பேருக்குப் பயிற்சியாளர் நேரில் இருந்தார், மீதிப் பேருக்கு மொபைல் ஆப் மட்டும். இரண்டு குழுவிலும் வி.ஓ.2 மேக்ஸ் ஏறக்குறைய ஒரே அளவு உயர்ந்தது. ஆப் டெவலப்மென்ட் புராஜெக்ட் தேடிக்கொண்டிருக்கும் ஃபைனல் இயர் நண்பர்களே, நோட் பண்ணிக்கோங்க!

220-லிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்சத் துடிப்பு தோராயமாகக் கிடைக்கும். இருபது வயதுக்கு 200. அதில் 85 முதல் 95 சதவீதம் என்றால் 170 முதல் 190. ஆனால் மேலே சொன்ன மாதிரி, சில லூபஸ் நோயாளிகளுக்குத் துடிப்பு எதிர்பார்த்தபடி ஏறாது. ரத்த அழுத்தத்துக்காக பீட்டா-பிளாக்கர் எடுத்தாலும் ஏறாது. அவர்கள் ஸ்மார்ட் வாட்ச் எண்ணைத் துரத்திக்கொண்டு ஓடினால் ஆபத்து. அவர்களுக்குப் பேச்சு டெஸ்ட் போதும். முழு வாக்கியம் பேச முடிந்தால் மிதம், மூன்று நான்கு வார்த்தைக்கு மேல் பேச முடியாவிட்டால் கடினம்.

யாரும் முதல் நாளே 4-க்கு 4 செய்வதில்லை. பாலத்தைத் திறக்கும் முன் லோடு டெஸ்டில் எடையைப் படிப்படியாகத்தானே ஏற்றுகிறோம்? இங்கேயும் அப்படியே. ஒரு மாதிரி வரிசை இது:

முதல் நான்கு வாரம்: வாரம் மூன்று நான்கு நாள், 10 முதல் 15 நிமிஷம் நடை.

அடுத்த நான்கு வாரம்: 30 நிமிஷம் வேக நடை அல்லது சைக்கிள். கூடவே வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சி. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது போதும்.

அதற்குப் பிறகு: நடைக்கு நடுவே ஒரு நிமிஷ வேகம், இரண்டு நிமிஷம் ஆறுதல். உடம்பு ஒத்துழைத்தால் மெல்ல மெல்ல 4 நிமிஷம்.

இது எல்லோருக்குமான மருந்துச் சீட்டு இல்லை, ஏணி எப்படி இருக்கும் என்று காட்டுகிற படம் மட்டும்தான். எந்தப் படியில் தொடங்குவது என்பதை ருமட்டாலஜி டாக்டர்தான் சொல்ல வேண்டும். மூட்டு வாதத்துக்கான பழைய நடைமுறை விதி ஒன்று இங்கேயும் உதவும்: பயிற்சி முடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் வலி வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தால், அடுத்த முறை ஒரு படி இறங்குங்கள். நிறுத்திவிட வேண்டாம்.

எப்போது கூடாது?

காய்ச்சல், புதிதாக மூட்டு வீக்கம், கால் வீக்கம், நுரை நுரையாகச் சிறுநீர், ஃப்ளேர் என்று டாக்டர் சொன்ன காலம்: கடினப் பயிற்சிக்கு விடுமுறை. முடிந்தால் மெதுவான நடை, கை கால் நீட்டி மடக்குவது போதும்.

நெஞ்சு வலி, படபடப்பு, மயக்கம், சின்ன வேலைக்கே மூச்சுத் திணறல்: உடனே டாக்டர். இதயத் தசையிலோ உறையிலோ அழற்சி இருக்கும்போது ஓடுவது உயிருக்கே ஆபத்து.

ஸ்டீராய்டு எடுத்தவருக்குக் கவட்டையில் அல்லது இடுப்பில் விடாத வலி: "தசைப் பிடிப்புதான்" என்று தைலம் தேய்த்துவிட்டுக் குதிக்கக் கூடாது. இடுப்பு எலும்பின் தலைக்கு ரத்தம் போகாமல் அது செத்துப்போவதன் அறிகுறியாக இருக்கலாம்.

வெயில்: புற ஊதாக் கதிர் லூபஸைத் தூண்டும். நம்ம ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காலை ஆறு மணி, அல்லது சூரியன் சாய்ந்த பிறகு, இல்லையென்றால் கூரைக்குக் கீழே. ஹாஸ்டல் மாடிப்படியை விடச் சிறந்த இலவச ஜிம் எது?

ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு இன்னும் மூன்று விஷயம். கிரியேட்டின் பவுடர் எடுத்தால் ரத்தத்தில் கிரியேட்டினின் அளவு கூடுதலாகக் காட்டலாம், சிறுநீரகம் கெட்டுவிட்டதோ என்று வீண் குழப்பம் வரும். கடினப் பயிற்சிக்குப் பின் ஒரு நாள், இரண்டு நாள் சிறுநீரில் புரதம் தெரிவதும் இயல்பு. அதனால் ரத்த, சிறுநீர்ப் பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் கடினப் பயிற்சி வேண்டாம். மூன்றாவது, உடம்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை. சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கு அது விஷத்துக்குச் சமம்.

நண்பர்களுக்கு ஒரு வார்த்தை

லூபஸ் வெளியே தெரியாத நோய். அதனால் அந்தத் தோழி இரண்டு பக்கமும் அடி வாங்குகிறாள். முடியவில்லை என்றால் "பாக்க நல்லாத்தானே இருக்க, நடிக்காத" என்கிறோம். முயற்சி செய்தால் "உனக்கு எதுக்கு இதெல்லாம், போய் உட்காரு" என்கிறோம். இரண்டுமே அவளுக்குப் பதிலாக நாம் முடிவெடுப்பது.

அதற்குப் பதில் ஒரு கேள்வி கேட்கலாம்: "இன்னைக்கு எவ்வளவு முடியும்?" சில நாள் பதில் "பத்து நிமிஷ நடை" என்று வரும். சில நாள் "நாலு மாடி, நாலு ரவுண்டு, நீ வரியா?" என்று வரும். இரண்டுக்கும் கூடப் போங்க. பயிற்சியைத் தொடங்குவதைவிடத் தொடர்வதுதான் கஷ்டம், அதற்குக் கூட ஒரு ஆள் இருந்தால் பெரிய பலம்.

லூபஸ் உள்ள வாசகர் இதைப் படித்துக்கொண்டிருந்தால், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது "எக்சர்சைஸ் பண்ணலாமா?" என்று மட்டும் கேட்காதீங்க. "பாத்து, மெதுவா பண்ணுங்க" என்ற பதிலோடு முடிந்துவிடும். இப்படிக் கேளுங்க: என் நோய் இப்போது அடங்கியிருக்கிறதா? இதயம், நுரையீரல், சிறுநீரகம், இடுப்பு எலும்பு இவற்றில் நான் கவனிக்க வேண்டியது எது? எந்த அளவிலிருந்து தொடங்கலாம்? எப்போது கூட்டலாம், எதைப் பார்த்தால் நிறுத்த வேண்டும்?

பதில்களை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க. நாளைக்கு காலையில் ஷூவை மாட்டுங்க. பத்து நிமிஷம் போதும், இப்போதைக்கு.